படம் எடுப்பதற்கு முன் போடும் கணக்கு

"இந்தப் படம் ஓடுமா?" என்று யாராவது கேட்டால் சட்டென்று பதில் சொல்லிவிடாதீர்கள். என்ன விலைக்கு, எந்த வாரத்தில், எந்த ஊரில் என்று திருப்பிக் கேளுங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் ஒரு தியேட்டரைச் சொந்தமாகவோ லீஸுக்கு எடுத்தோ நடத்துகிறவருக்கு இந்த மூன்றும் தெரியாமல் ஒரு படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல வழியில்லை. மாநிலம் முழுக்க நூறு கோடி வசூலான படத்தில் நமக்கு மட்டும் இரண்டு லட்சம் கைவிட்டுப் போயிருக்கலாம். யாரும் பேசாத சின்னப் படம் ஒன்று அந்த மாதக் கரண்ட் பில்லையும் ஆட்கள் சம்பளத்தையும் கட்டிக்கொடுத்திருக்கலாம். நீங்கள் கணிக்க வேண்டியது உங்கள் 500 சீட்டைத்தான்.

தமிழ்நாட்டில் படம் ஏரியா ஏரியாவாக விலை போகிறது. பழைய திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்கள் சேர்ந்தது திருச்சி–தஞ்சை ஏரியா, தொழிலில் டி.டி. என்பார்கள். விநியோகஸ்தர் ஏரியாவுக்கு என்ன கொடுத்து வாங்கினாரோ, அந்தச் சுமைதான் பங்கு பிரித்து உங்கள் தலையில் எம்.ஜி.யாகவோ (மினிமம் கேரண்டி, அதாவது வசூல் எவ்வளவு வந்தாலும் நீங்கள் கொடுத்தாக வேண்டிய தொகை) அட்வான்ஸாகவோ இறங்கும். ஆகவே முதலில் விசாரிக்க வேண்டியது ஏரியா விலை. டிரெய்லரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

'லிங்கா'வை நினைத்துப் பாருங்கள். 2014 டிசம்பர் 12, ரஜினி பிறந்தநாள் அன்று வந்த படம். முதல் நாள் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் வாங்கிய விலைக்கு வசூல் வரவில்லை என்று விநியோகஸ்தர்கள் எழுந்து நின்றார்கள். அவர்களில் முன்னால் நின்றவர் நம் திருச்சி–தஞ்சை ஏரியாவுக்கு வாங்கியவர். 2015 ஜனவரியில் சென்னையில் உண்ணாவிரதம் வரை போய், இழப்பில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாகப் பேச்சுவார்த்தையில் முடிந்தது. 2002-ல் 'பாபா'வுக்கும் இதுதான் நடந்தது. அப்போதும் பணம் திருப்பித் தரப்பட்டது. இரண்டு தடவையும் ரஜினிக்குக் கூட்டம் வரும் என்ற கணிப்பு தப்பவில்லை. அந்தக் கூட்டத்துக்கு வைத்த விலைதான் தப்பியது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 500 சீட், நாளைக்கு நாலு ஷோ, வரி போக சீட்டுக்கு 80 ரூபாய் நெட் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க ஹவுஸ்ஃபுல் என்றால் 1,60,000. ஒரு பெரிய நட்சத்திரப் படம் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் சராசரியாக நூற்றுக்கு 70 சீட் நிரம்புகிறது என்றால் நெட் 3,36,000. ஷேர் 65 சதவீதம் என்று பேசியிருந்தால் அதில் விநியோகஸ்தருக்குப் போவது 2,18,400. இப்போது அவர் 5 லட்சம் எம்.ஜி. கேட்கிறார். அந்த 5 லட்சத்தை ஷேரிலிருந்தே கழிக்க வேண்டுமானால் மொத்த நெட் ஏழே முக்கால் லட்சத்துக்குக் கிட்டத்தில் வரவேண்டும். முதல் மூன்று நாள் போக மீதி 4,33,000-ஐத் திங்கள் முதல் வியாழன் வரை எடுக்க வேண்டும். அதாவது வேலை நாளில், காலை ஷோ உட்பட, மூன்றில் இரண்டு பங்கு சீட் நிரம்ப வேண்டும். எந்தப் படத்துக்கு உங்கள் ஊரில் புதன்கிழமை மேட்னி அப்படி நிரம்பியது என்று யோசித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு படம் ஞாபகத்துக்கு வரலாம். அந்த ஒன்றிரண்டில் இதுவும் ஒன்று என்று நம்பினால்தான் 5 லட்சத்துக்குத் தலையாட்டலாம். "இரண்டாவது வாரம் இருக்கே" என்பார்கள். இரண்டாவது வெள்ளிக்கிழமை வேறு படம் வாசலில் நிற்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

இந்தக் கணக்குக்குள்ளேயே இந்த அத்தியாயத்தின் முக்கியமான விஷயம் அடங்கியிருக்கிறது. முதல் மூன்று நாளை ஓரளவு கணித்துவிடலாம். நான்காம் நாளைப் படம் வெளிவருவதற்கு முன்னால் யாராலும் கணிக்க முடியாது. ஓப்பனிங் என்பது நட்சத்திரம், பாட்டு, பண்டிகை, விளம்பரம் எல்லாம் சேர்ந்தது. இவை முன்கூட்டியே கண்ணுக்குத் தெரிகிறவை. நான்காம் நாள் கூட்டம் படம் பார்த்துவிட்டு வெளியே வந்தவர் வாயைப் பொறுத்தது. ஆகவே எம்.ஜி.யை முதல் மூன்று நாளுக்கு மேல் ஒரு பைசாவும் தாண்டாமல் பேசுங்கள். அதற்குப் பிறகு வருவதைப் பெர்சன்டேஜில் பங்கு போட்டுக்கொள்ளலாம். விநியோகஸ்தருக்குத் தன் படத்தின் மேல் நம்பிக்கை இருந்தால் ஒத்துக்கொள்வார். ஒத்துக்கொள்ளாவிட்டால் அதுவே ஒரு தகவல்.

வெளியூர்க் கணிப்பை நம் ஊருக்குக் கொண்டுவருவது

2010-ல் அமெரிக்காவில் ஹெச்.பி. ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த அசூர், ஹூபர்மேன் இருவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். படம் வருவதற்கு முன் ட்விட்டரில் அதைப் பற்றி மணிக்கு எத்தனை பதிவு விழுகிறது என்பதை வைத்தே முதல் வார இறுதி வசூலை நன்றாகக் கணிக்கலாம் என்று 24 படங்களைக் கொண்டு காட்டினார்கள். நல்ல ஆய்வு. ஆனால் அதற்கு அடியில் இருந்தது, ஒவ்வொரு தியேட்டரின் வசூலும் ஒளிவுமறைவில்லாமல் வெளிவரும் சந்தை. இங்கே போஸ்டரில் அச்சாகும் கோடிகளுக்கும் உங்கள் தினசரி வசூலை எழுதும் டி.சி.ஆர். தாளுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தப்பான வசூலை வைத்துப் பழகிய கணிப்பு தப்பான இடத்துக்குத்தான் கொண்டுபோய் விடும். யூடியூப்பில் டிரெய்லரை எத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள் என்பதும் அப்படித்தான். அதில் துபாய், கோலாலம்பூர், சென்னை எல்லாம் கலந்திருக்கும். பாபநாசமும் பேராவூரணியும் அதில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

2019 பொங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 10 அன்று ரஜினியின் 'பேட்ட'யும் அஜித்தின் 'விஸ்வாச'மும் ஒரே நாளில் மோதின. வெளிநாட்டு வசூலில் 'பேட்ட' முந்தியது. தமிழ்நாட்டுக்குள், அதிலும் பி, சி சென்டர்களில், 'விஸ்வாசம்' நின்று ஆடியது. அப்பா–மகள் கதை, கிராமத்து வேட்டி சட்டை, வீட்டோடு வந்து அழுதுவிட்டுப் போகிற பிற்பாதி. சிறு ஊர்த் தியேட்டருக்கு எந்தப் படம் என்பது முதல் ஞாயிற்றுக்கிழமை மேட்னியிலேயே தெரிந்துபோனது. இரண்டு படத்தையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தவர்கள் சிறு ஊரில் பெண்கள் கூட்டம் எந்தப் பக்கம் சாயும் என்பதை எடை போடவில்லை.

பக்கத்து ஊர்க் கதை என்பதால் நம் ஊரில் ஓடும் என்பதும் கேட்பதற்கு நன்றாக இருக்கிற இன்னொரு கணிப்பு. சற்குணம் இயக்கிய 'களவாணி' 2010-ல் வந்தது. தஞ்சாவூர் மண்ணின் வயல், வாய்க்கால், பேச்சு, குசும்பு எல்லாம் அதில் இருந்தது. பெரிய நட்சத்திரம் இல்லாமலே ஓடியது. அடுத்த ஆண்டு அவரே எடுத்த 'வாகை சூட வா' சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. தியேட்டரில் 'களவாணி' அளவுக்குப் போகவில்லை. என் மனதுக்கு இரண்டாவதுதான் பெரிய படம், ஆனால் நாம் இங்கே சீட்டைப் பற்றிப் பேசுகிறோம். ராஜராஜன் கதைக்கும் இதே பாடம் பொருந்தும். 2022 செப்டம்பர் 30-ல் வந்த 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்துக்கு, பல வருஷமாகத் தியேட்டர் படி ஏறாத பெரியவர்கள் எல்லாம் பேரப்பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். 2023 ஏப்ரல் 28-ல் வந்த இரண்டாம் பாகம் அந்த அளவை எட்டவில்லை. அதே சோழன், அதே நடிகர்கள். முதல் பாகத்தில் ஆவல் இருந்தது. இரண்டாம் பாகத்தில் ஆவலோடு முதல் பாகம் பார்த்த அனுபவமும் சேர்ந்து வந்தது. தொடர்ச்சிப் படத்துக்கு எம்.ஜி. பேசும்போது முதல் பாகத்தின் கடைசி வார டி.சி.ஆரைப் பாருங்கள். முதல் வாரத்தைக் காட்டித்தான் உங்களிடம் விலை பேசுவார்கள்.

தண்ணீர், அறுப்பு, கொள்முதல்

சென்னை மாலில் படம் போடுகிறவருக்குத் தேவையில்லாத ஒரு பஞ்சாங்கம் நமக்குத் தேவை. மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அந்தத் தேதியில் திறந்தால் குறுவை நடவு நேரத்துக்கு நடக்கும், செப்டம்பர்–அக்டோபரில் அறுப்பு வரும், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் தீபாவளியை ஒட்டிக் கணக்கில் ஏறும். ஆகவே தீபாவளிப் படத்துக்கான கணிப்பை ஜூன் மாதமே தொடங்கிவிடலாம். 2022-ல் மே 24-லேயே அணை திறந்தது. 2024-ல் தண்ணீர் போதாமல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. இந்த இரண்டு வருஷத்துத் தீபாவளிக்கும் ஒரே எம்.ஜி. கொடுப்பது சரியில்லை.

இதிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. கும்பகோணம், பாபநாசம், ஒரத்தநாடு பக்கம் போர்வெல் வைத்திருப்பவர்கள் அணையை எதிர்பாராமல் குறுவை போட்டுவிடுவார்கள். கடைமடையில், வேதாரண்யம், தலைஞாயிறு, திருத்துறைப்பூண்டிப் பக்கம், வாய்க்காலில் தண்ணீர் வந்தால்தான் உண்டு. மன்னார்குடி, பட்டுக்கோட்டை, கூத்தாநல்லூர் பக்கம் சிங்கப்பூர், வளைகுடாப் பணம் வருகிறது. அங்கே விவசாயம் சறுக்கினாலும் தியேட்டர் அதே அளவுக்குச் சறுக்குவதில்லை. உங்கள் தியேட்டரைச் சுற்றி இருபது கிலோமீட்டரில் எந்தப் பணம் புழங்குகிறது என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு ஜனங்கள் கையில் பணம் இருக்கும் என்பது டெல்டாவில் பாதிதான் உண்மை. நீண்டகால சம்பா ரகங்கள் தை பிறந்த பிறகுதான் முழுவீச்சில் அறுப்புக்கு வரும். தாளடி இன்னும் தள்ளி. நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய், ஈரப்பதம் பார்த்து, மூட்டை போட்டு, பணம் ஏறுவதற்குள் ஜனவரி போய்விடும். பண்டிகைக் கூட்டம் பொங்கலுக்கு வரும், கையில் காசோடு வரும் கூட்டம் பிப்ரவரியில் வரும். பிப்ரவரியில் பெரிய படங்கள் குறைவு, பிளஸ் டூ பரீட்சை பயம் வேறு என்று பலர் அந்த மாதத்தை விட்டுவிடுகிறார்கள். கடைமடை ஊர்களில் நான் பிப்ரவரியைத்தான் நம்புவேன். நல்ல குடும்பப் படம் ஒன்று அந்த மாதம் குறைந்த அட்வான்ஸில் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். 2025-ல் 'டிராகன்' பிப்ரவரி 21-ல் வந்து நின்றது நினைவிருக்கட்டும்.

ரேஷன் கடைப் பொங்கல் பரிசையும் பாருங்கள். 2021-ல் கார்டுக்கு 2,500 ரூபாய் கொடுத்தார்கள். 2025-ல் ரொக்கமே இல்லை. இருந்தும் அந்த 2025 பொங்கலுக்குத்தான் 'மத கஜ ராஜா' அடித்துத் தூக்கியது. 2012-ல் எடுத்து, பன்னிரண்டு வருஷம் பெட்டிக்குள் கிடந்த படம் அது. 'விடாமுயற்சி' பொங்கலிலிருந்து விலகியதும் இடம் காலியானது. ஜனவரி 12-ல் உள்ளே வந்தது. பழைய படம், யாரும் சீந்தாததால் விலை குறைவு, சந்தானம் காமெடி, குடும்பத்தோடு சிரிக்க ஆள் தேடிக்கொண்டிருந்த பண்டிகை. படத்தை மட்டும் பார்த்தவருக்கு இது தெரிந்திருக்காது. அந்த வாரத்தில் என்ன குறைகிறது என்று பார்த்தவருக்குத் தெரிந்திருக்கும்.

மழையை விட்டுவிட முடியாது. தீபாவளி வடகிழக்குப் பருவமழைக்குள் விழுகிறது. 2018-ல் 'சர்கார்' நவம்பர் 6-ல் வந்தது. பதினோராம் நாள் விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. கம்பங்கள் சாய்ந்து பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னந்தோப்புகள் வேரோடு விழுந்தன. தென்னை திரும்பக் காய்க்க வருஷக்கணக்காகும். அந்தப் பக்கத் தியேட்டருக்கு அடி ஒரு படத்தோடு நிற்கவில்லை. புயலைக் கணிக்க முடியாது. ஆனால் நவம்பர்ப் படத்துக்கு முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டாமல் இருக்க முடியும்.

காதால் கேட்டுத் தெரிந்துகொள்வது

பாட்டு இன்னமும் நம்மூரில் முதல் தூதன். ரேடியோவிலும் டிவியிலும் போடுவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அங்கே காசு கொடுத்தால் போடுவார்கள். மினி பஸ் டிரைவர் தன் பென்டிரைவில் என்ன ஏற்றியிருக்கிறார் என்று பாருங்கள். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரக்காரர் பந்தி நேரத்தில் எந்தப் புதுப்பாட்டை வாசிக்கிறார், கோயில் திருவிழா ஆடல்பாடலில் எந்தப் பாட்டை மறுபடி கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். அதைவிட நம்பகமானது, ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண்கள் வாய்க்குள் முனகும் பாட்டு. பாட்டு ஊரில் இறங்கியிருந்தால் ஓப்பனிங்குக்குக் கால்வாசி வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

சென்சார் சான்றிதழை மறக்காதீர்கள். 'ஏ' என்று வந்துவிட்டால் பிள்ளைகளை உள்ளே விட முடியாது. பிள்ளை வராவிட்டால் அம்மா வரமாட்டார், அம்மா வராவிட்டால் அந்த வீட்டில் நாலு டிக்கெட் போனது. 2025 ஆகஸ்ட் 14-ல் வந்த 'கூலி'க்கு 'ஏ' கிடைத்தது. ரஜினி படமே என்றாலும் குடும்பக் கூட்டத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டியிருந்தது. இப்போது யு/ஏ-விலும் 7, 13, 16 என்று வயது பிரித்துக் கொடுக்கிறார்கள். 16 என்று வந்தால் விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள்.

விளம்பரம் பலமாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். திருத்துறைப்பூண்டியில் பிறந்த எஸ்.எஸ். வாசன் 1948-ல் 'சந்திரலேகா'வுக்குச் செய்த விளம்பரத்தை அதற்குமுன் இந்த நாடு பார்த்ததில்லை. ஜனங்கள் வந்தார்கள். ஆனாலும் போட்ட பணம் அத்தனை பெரியது. தமிழில் மட்டும் அது திரும்பவில்லை, இந்தியில் எடுத்து வெளியிட்ட பிறகுதான் திரும்பியது. அவருக்கு இந்தி இருந்தது. உங்களுக்கு இருப்பது ஒரு ஸ்கிரீன்.

மெதுவாக ஏறும் படங்களுக்கு இடம் வையுங்கள். 1980-ல் 'ஒரு தலை ராகம்' வந்தபோது அதில் தெரிந்த முகம் என்று ஒருவரும் இல்லை. மயிலாடுதுறைக்காரரான டி. ராஜேந்தரின் கதை, பாட்டு. படமாக்கியது மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் அந்தச் சுற்றுவட்டாரத்திலும். கல்லூரிப் பையன்கள் வாய்வழியே பரவிப் பெரிய வெற்றி ஆனது. 1999 டிசம்பரில் 'சேது' சில தியேட்டர்களில் ஓரிரு ஷோவோடு தொடங்கி ஏறியது. 2025 மே 1-ல் 'ரெட்ரோ'வோடு வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' இரண்டாவது வாரத்தில் ஷோக்களைக் கூட்டிக்கொண்டது. இப்படிப்பட்ட படத்தை எம்.ஜி. இல்லாமல், பெர்சன்டேஜில், ஒரு ஷோ மட்டும் கொடுத்து எடுக்கலாம். தவறினாலும் பெரிய நஷ்டமில்லை. ஆனால் அந்த ஒரு ஷோவைக் காலைக் காட்சியில் தள்ளிவிடாதீர்கள். குடும்பம் வருவது ஃபர்ஸ்ட் ஷோவுக்கு.

திங்கட்கிழமை மத்தியானம்

படம் வந்த பிறகும் கணிப்பு முடிவதில்லை. உண்மையில் அங்கேதான் உங்களுக்கு நல்ல தகவல் கிடைக்கிறது. வெள்ளிக்கிழமை காலை ஷோவை நம்பாதீர்கள், அது ரசிகர் மன்றத்துக் கூட்டம், எந்தப் படத்துக்கும் கத்தும். சனிக்கிழமை மேட்னி முடிந்ததும் வாசலில் நில்லுங்கள். வெளியே வருகிறவர்கள் பேசிக்கொண்டே வருகிறார்களா, செல்போனை எடுத்துக்கொண்டு வருகிறார்களா, ஸ்டாண்டில் வண்டி எடுக்கிறவர் போனில் யாரையாவது "நாளைக்கு வந்துடு" என்று கூப்பிடுகிறாரா என்று பாருங்கள். இன்டர்வெல்லில் கேன்டீன்காரரிடம் பெண்கள், பிள்ளைகள் எத்தனை என்று கேளுங்கள். அவருக்கு மிக்சர் பாக்கெட் கணக்கில் தெரியும்.

அதற்குப் பிறகு ஒரே ஓர் எண். ஞாயிறு மேட்னிக்கு எத்தனை பேர், திங்கள் மேட்னிக்கு எத்தனை பேர்? திங்கட்கிழமைக் கூட்டம் ஞாயிறில் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால் படம் நிற்கும் என்பது என் அளவுகோல். நான்கில் ஒன்றுக்குக் கீழே போனால் அன்று சாயங்காலமே விநியோகஸ்தர் ஆபீசுக்குப் போன் போட்டு, அடுத்த வெள்ளிக்கு ஷோ குறைப்பது பற்றிப் பேசிவிடுங்கள். புதன்கிழமை வரை காத்திருந்தால் வேறு நல்ல படம் பக்கத்துத் தியேட்டருக்குப் போயிருக்கும். படம் நிற்கிறது என்றால் இன்னொரு தவறு செய்யாதீர்கள்: புதுப்படம் வருகிறதென்று ஓடுகிற படத்தின் ஃபர்ஸ்ட் ஷோவைப் பிடுங்கி அதற்குக் கொடுக்க வேண்டாம். இந்த விஷயத்தில் விநியோகஸ்தரின் ரெப் எவ்வளவு அழுத்தினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள், டி.சி.ஆரை எடுத்து அவர் முன் வையுங்கள்.

கடைசியாக, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம். படம் வருவதற்கு முந்தின வியாழக்கிழமை, முதல் மூன்று நாள் நெட் எவ்வளவு வரும் என்று உங்கள் கணிப்பைப் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், பென்சில் வேண்டாம். எம்.ஜி. எவ்வளவு, எதிரில் என்ன படம், சான்றிதழ் என்ன என்று கீழே குறியுங்கள். வாரம் முடிந்ததும் உண்மைத் தொகையைப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு வருஷம் போனால் எந்த நடிகருக்கு நீங்கள் எப்போதும் கூடுதலாகப் போடுகிறீர்கள், எந்த மாதிரிப் படத்தைக் குறைத்து எடைபோடுகிறீர்கள் என்பது தெரிந்துவிடும், அடுத்த எம்.ஜி. பேசும்போது அந்த அளவைக் கழித்துக்கொள்ளலாம். அந்த வாரம் மேட்டூரில் தண்ணீர் இருந்ததா, கொள்முதல் நிலையத்தில் பணம் பட்டுவாடா ஆனதா, எத்தனை நாள் மழை பெய்தது என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.